கேஸ் ஸ்டடி முடிந்த பிறகு வரும் கேள்வி

நான் எம்.பி.ஏ. படித்தது இயேசு சபையினர் (கத்தோலிக்கத் துறவற சபையான ஜெசூட்டுகள்) நடத்தும் கல்லூரியில். நிதி, மார்க்கெட்டிங் பாடமெல்லாம் மற்ற இடங்களில் இருப்பதுதான். ஆனால் கேஸ் ஸ்டடி, அதாவது ஒரு நிறுவனத்தின் சிக்கலை எடுத்து அலசும் விவாதம், முடிந்ததும் கொஞ்ச நேரம் யாரும் பேசாமல் நோட்டில் எழுத வேண்டும். என்ன முடிவெடுத்தோம் என்பதை அல்ல, அந்த முடிவின் பக்கம் நம்மை இழுத்தது எது என்பதை.

இதற்கு அடித்தளம் இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியாரின் அனுபவம். 1521-இல் பம்ப்லோனா போரில் குண்டு பட்டு, கால் முறிந்து படுக்கையில் கிடந்தவர் தன் கற்பனைகளையே கவனித்தார். வீரசாகசக் கனவுகள் அப்போதைக்கு இனித்து, பிறகு வெறுமையைத் தந்தன. புனிதர்களைப் போல வாழும் நினைப்போ கலைந்த பிறகும் நிறைவைத் தந்தது. மனதின் இழுப்புகளைக் கவனித்து முடிவெடுக்கும் அவருடைய 'தேர்ந்து தெளிதல்' முறை இங்கிருந்துதான் வளர்ந்தது. 1993-இல் இயேசு சபை வெளியிட்ட கற்பித்தல் முறையிலும் அனுபவத்துக்கும் செயலுக்கும் நடுவே சிந்தனைக்கு இடம் இருக்கிறது. வணிகக் கல்வி பெரும்பாலும் அதைத் தாண்டிக் குதித்துவிடுகிறது என்பது என் கருத்து.

நட்டத்தில் ஓடும் தொழிற்சாலை ஒன்றை மூடலாமா என்பது ஒரு கேஸ். மூடலாம் என்று வாதாடினேன். கணக்கும் அதைத்தான் சொன்னது. நோட்டை எடுத்தபோது வேறொன்று தெரிந்தது: கடினமான முடிவைத் துணிந்து சொல்பவளாக வகுப்பில் தெரிய வேண்டும் என்ற ஆசையும் அந்த வாதத்துக்குள் இருந்தது. முடிவை மாற்றவில்லை. ஆனால் தொழிலாளர்களுக்கு எத்தனை மாத முன்னறிவிப்பு, மறுபயிற்சிச் செலவு யாருடையது என்ற கேள்விகள் அதற்குப் பிறகுதான் என் தாளில் ஏறின.

முதல் பருவத்தில் இந்த நோட்டுக்கு மதிப்பெண் போட்டார்கள். எல்லோரும் அழகழகாக எழுதினோம், உண்மை குறைந்துபோனது. மதிப்பெண்ணை எடுத்த பிறகுதான் எழுத்து நேர்மையானது. இதை வகுப்பில் கொண்டுவர நினைக்கும் ஆசிரியர்கள் தயவுசெய்து இதைக் கவனியுங்கள்.

இரவில் தன்னாய்வும் உண்டு: நன்றி, தெளிவு வேண்டுதல், அன்றைய பொழுதைத் திரும்பிப் பார்த்தல், தவறியதற்கு வருந்துதல், நாளைக்கான உறுதி. கடவுள் நம்பிக்கை இல்லாத நண்பர்கள் இரண்டாம் படியில் சும்மா அமைதியாக இருந்தார்கள். அதுவும் பலன் தந்தது.

அப்புறம் வேலைத் தேர்வுக் காலம். நான் விரும்பிய துறையில் வரிசையாக நிராகரிப்பு. எது கிடைத்தாலும் போதும் என்று துறையையே மாற்றத் துடித்தேன். மனம் வறண்டு சோர்ந்திருக்கும்போது, முன்பு தெளிவாக எடுத்த முடிவை மாற்றாதே என்பது இஞ்ஞாசியாரின் விதி. அதைப் பிடித்துக்கொண்டேன். கடைசியில் இரண்டு வேலைகள் கைக்கு வந்தன. அப்போது உதவியது அவர் சொன்ன இன்னொரு வழி: முன்பின் தெரியாத ஒருவர் இதே நிலையில் வந்து கேட்டால் என்ன சொல்வாய்? சம்பளம் குறைந்த வேலையைத்தான் அவருக்குச் சொல்வேன் என்று உடனே தெரிந்தது. சரி, அதிலேயே சேர்ந்தேன். இப்போது சப்ளையர்களோடு பேரம் பேசும் பொறுப்பில் இருக்கிறேன், கையெழுத்துக்கு முன் அதே நோட்டுக் கேள்வியை எழுதிப் பார்க்கிறேன்.