கொடைக் கணக்கும் வேர்டு அட்டவணையும்

எங்கள் ஊர் அம்மன் கோயில் கொடைத் திருவிழா முடிந்ததும் வரவு செலவை அச்சடித்து வீட்டுக்கு வீடு கொடுப்பார்கள். இந்த முறை அந்த வேலை என் தலையில் விழுந்தது. மாமா தந்த வேர்டு ஃபைலில் கொடைக்கு வரி கொடுத்த 140 வரிதாரர்கள், ஐந்து பக்க அட்டவணை. "ரெண்டு தாள்ல முன்னும் பின்னுமா முடிச்சிரு மாப்ளே" என்றார்.

ஒவ்வொரு கட்டத்திலும் பெயர் மேலே ஒட்டியிருக்க, கீழே வெற்றிடம். அட்டவணைக்கான லேஅவுட்டில் போய் நடுவில் நிறுத்தும் பொத்தானை அழுத்தினேன். அப்போதும் எழுத்து கொஞ்சம் மேலேயே நின்றது. அரை மணி நேரம் கட்டத்தின் உயரத்தோடு மல்லுக்கட்டிய பிறகுதான் புரிந்தது, கோளாறு கட்டத்தில் இல்லை, பத்தியில். இந்த ஃபைலில் வேர்டு ஒவ்வொரு பத்திக்குப் பின்னும் 8 பாயின்ட் இடைவெளி விட்டிருந்தது. கட்டத்துக்குள் இருக்கும் ஒற்றைப் பெயரும் அதற்கு ஒரு பத்திதான். அட்டவணை முழுவதையும் தேர்ந்தெடுத்து, பாராகிராஃப் பெட்டியில் 'ஆஃப்டர்' என்பதை 0 ஆக்கினேன். ஒரு பக்கம் அப்படியே குறைந்தது.

அடுத்து தொகைகள். கண்ட்ரோல், ஷிஃப்ட், 8 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் ஒவ்வொரு ஸ்பேஸும் ஒரு புள்ளியாகத் தெரியும். அழுத்திப் பார்த்தால் புள்ளிக் கோலம்! யாரோ ஸ்பேஸ் பாரைத் தட்டித் தட்டியே எண்களை வலப்பக்கம் தள்ளியிருக்கிறார்கள். தொகை இருக்கும் நெடுவரிசையை மட்டும் தேர்ந்தெடுத்து, ஸ்பேஸைத் தேடி வெறுமையாக மாற்றச் சொன்னேன். மிச்ச இடத்திலும் தேடவா என்று கேட்டது. யோசிக்காமல் 'யெஸ்' கொடுத்தேன். இனிஷியலும் பெயரும் தெருவும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. நல்லவேளை, கண்ட்ரோல் இசட் காப்பாற்றியது.

முழு ரூபாய் மட்டும் என்றால் வலப்பக்கச் சீரமைப்பே போதும். வங்கி வட்டியில் பைசாவும் வந்ததால் ரூலரில், தசமப் புள்ளிகளை ஒரே நேராக நிறுத்தும் டெசிமல் டேப் வைத்தேன். எண்களை இடப்பக்கச் சீரமைப்பில் விட்டால், டேப் விசையைத் தொடாமலே புள்ளிக்கு நேர் புள்ளியாக வந்து நிற்கின்றன. இது எனக்கே புதிது.

ஆசை விடவில்லை. இன்னும் நெருக்கலாமே என்று வரிசை உயரத்தை 'எக்ஸாக்ட்லி' (கூடாமல் குறையாமல்) 0.5 செ.மீ. ஆக்கினேன். ஆங்கிலத்துக்குச் சரிப்படலாம். தமிழில் மு, கு, ழு எல்லாவற்றுக்கும் கால் போய்விட்டது. 'அட் லீஸ்ட்' (குறைந்தது இவ்வளவு) என்று மாற்றியதும் கால்கள் திரும்பின.

கடைசியில் நாலு பக்கம், அதிலும் அரைப் பக்கம் மிச்சம். அந்த இடத்தில் வரிபாக்கி வைத்தவர்கள் பட்டியலைப் போடச் சொல்கிறார் மாமா.