அந்தப் பால் எங்கே போனது?

பி.ஏ. ஆங்கிலம் இரண்டாம் ஆண்டு இன்டர்னல் தேர்வில் வந்த 15 மார்க் கேள்வி இது: ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய ‘அனிமல் ஃபார்ம்’ நாவலில் நெப்போலியன் என்ற பன்றி தன் அதிகாரத்தை எப்படித் தக்கவைத்துக்கொள்கிறது? ஐந்து பக்கம் எழுதினேன். 6 மார்க் வந்தது. ‘கதை முழுசும் இருக்கிறது. எப்படி என்பது எங்கே?’ என்று மேடம் ஓரத்தில் சிவப்பு மையில் எழுதியிருந்தார்.

செமஸ்டரில் அதே நாவலிலிருந்து கேள்வி வந்தபோது என்னால் நிறைவாக எழுத முடிந்தது. இடையில் நான் எப்படிப் படித்தேன் என்று சொல்கிறேன். பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு ஆங்கில இலக்கியத்துக்கு வந்தவர்களுக்கு இது கண்டிப்பாக உதவும்.

எங்கள் ஊர் உசிலம்பட்டி பக்கம். வீட்டில் இரண்டு கறவை மாடுகள். அம்மா காலையும் சாயங்காலமும் கறந்து சொசைட்டியில் ஊற்றுவார். படித்ததைத் தமிழில் ஒருவருக்குச் சொல்ல முடிந்தால்தான் எனக்குப் புரிந்திருக்கிறது என்று அர்த்தம். அதனால் சாயங்காலம் மாட்டுக்கொட்டகையில் உட்கார்ந்து, ஒரு நாளைக்கு ஓர் அத்தியாயம் என்று அம்மாவுக்குக் கதை சொல்ல ஆரம்பித்தேன். மொத்தமே 10 அத்தியாயங்கள்தான்.

இரண்டாம் அத்தியாயத்தில் விலங்குகள் சேர்ந்து பண்ணை முதலாளி ஜோன்ஸை விரட்டிவிடுகின்றன. கொட்டகைச் சுவரில் ஏழு கட்டளைகள் எழுதப்படுகின்றன. அப்புறம் பன்றிகள் மாடுகளைக் கறக்கின்றன, ஐந்து வாளி நிறையப் பால். பாலைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், அறுப்புக்குப் போங்கள் என்று நெப்போலியன் அனுப்பிவைக்கிறது. சாயங்காலம் திரும்பி வந்து பார்த்தால் பால் இல்லை. இதைச் சொல்லிவிட்டு நான் அன்றைய அத்தியாயத்தை முடித்தேன். கறந்துகொண்டிருந்த அம்மாவின் கை நின்றுவிட்டது.

“இருத்தா. அந்தப் பாலு எங்க போச்சு?”

“அது ஒரு வரிதாம்மா. பெருசா ஒண்ணுமில்ல.”

“அஞ்சு வாளிப் பாலு ஒண்ணுமில்லயா? எவன் குடிச்சான்னு ஒருத்தரும் கேக்கலையா?”

யாரும் கேட்கவில்லை. பன்றிகளின் தீவனத்தில்தான் பால் கலக்கப்படுகிறது என்பது அடுத்த அத்தியாயத்தில் தெரியவருகிறது. காற்றில் உதிர்ந்த ஆப்பிள்களும் அவற்றுக்கே என்று முடிவாகிறது. நெப்போலியனுக்காகப் பேசும் ஸ்குவீலர் என்ற பன்றி வந்து விளக்கம் சொல்கிறது: எங்களுக்கு இதெல்லாம் பிடிக்கவே பிடிக்காது, உங்களுக்காக மூளையால் உழைக்கிறோம், அதற்காகச் சாப்பிடுகிறோம், நாங்கள் தளர்ந்துபோனால் ஜோன்ஸ் திரும்பி வந்துவிடுவான், பரவாயில்லையா? அதோடு எல்லோரும் அடங்கிப்போகிறார்கள்.

நான் நாய்களிலிருந்து விடையை ஆரம்பித்திருந்தேன். ஒன்பது நாய்கள் பாய்ந்து வந்து, நெப்போலியனுக்குப் போட்டியாக இருந்த ஸ்நோபால் என்ற பன்றியைத் துரத்துவது ஐந்தாம் அத்தியாயத்தில். நாய்கள் வருவதற்கு முன்பே, ஒரு குரைப்புகூட இல்லாமல், பாலும் ஆப்பிளும் கைமாறிவிட்டன. அந்த நாய்களைக்கூடக் குட்டியாக இருக்கும்போதே ‘படிப்பு சொல்லித் தருகிறேன்’ என்று தாய்களிடமிருந்து பிரித்துப் பரணில் வைத்து வளர்க்கிறது நெப்போலியன். அதையும் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். பயமுறுத்தல் பின்னால் வருகிறது, கேட்காமல் விடுவது முதலில் வருகிறது. இந்த வரிசை பிடிபட்டதும் என் விடைக்கு முதுகெலும்பு கிடைத்தது. கேள்வி ‘எப்படி’ என்று இருந்தால் சம்பவங்களைக் கோத்துக்கொண்டு போகாதீர்கள். ஒவ்வொரு கட்டத்திலும் நெப்போலியனின் கையில் புதிதாக என்ன வந்து சேர்கிறது, அதை யார் கேட்காமல் விட்டார்கள் என்று மட்டும் பாருங்கள். முதலில் தீனி, பிறகு குட்டி நாய்கள், பிறகு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் ரத்து, கடைசியில் சுவரில் இருக்கும் எழுத்து.

சுவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தமிழ் மீடியம் பிள்ளைகள் நழுவவிடும் இடம் அது, நானும் நழுவவிட்டேன். ‘எந்த விலங்கும் மற்றொரு விலங்கைக் கொல்லக் கூடாது’ என்பது ஒரு கட்டளை. நெப்போலியனின் நாய்கள் விலங்குகளைக் கொன்று முடித்தபின் சுவரைப் பார்த்தால் ‘காரணமின்றி’ என்று ஒரு சேர்க்கை இருக்கிறது. தமிழில் அதை எழுதிப் பாருங்கள், வாக்கியத்தின் நடுவில்தான் நுழைக்க வேண்டும். சுவரில் நடுவே இடம் ஏது? அழித்துவிட்டுத்தான் எழுத வேண்டும், பார்த்தவுடன் தெரிந்துவிடும். ஆங்கில வாக்கியத்தில் அது வால் மாதிரிக் கடைசியில் போய் ஒட்டிக்கொள்கிறது. முன்னால் இருக்கும் ஓர் எழுத்தையும் தொட வேண்டியதில்லை. கட்டில் பற்றிய கட்டளைக்குப் பின்னால் ‘விரிப்புடன்’, மதுவைப் பற்றிய கட்டளைக்குப் பின்னால் ‘அளவுக்கு மீறி’ என்பதும் இப்படித்தான். விலங்குகளும், முன்பே இது இருந்திருக்கும், நமக்குத்தான் ஞாபகமில்லை என்று நினைத்துக்கொள்கின்றன. தமிழில் படித்துப் புரிந்துகொள்ளுங்கள், தப்பே இல்லை. ஆனால் இந்தக் கட்டளைகளை மட்டும் ஆங்கில மூலத்தில் ஒரு நோட்டில் பழசும் புதுசுமாக எதிரெதிரே எழுதிவையுங்கள். மதுரை புது நத்தம் ரோட்டில் இருக்கும் கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து இதைச் செய்தேன். ஒரு மணி நேர வேலை.

நாவல் ஸ்டாலின் கால சோவியத் ரஷ்யாவின் உருவகம் என்பதால் வரலாற்றுப் பொருத்தம் கேட்பார்கள். நெப்போலியன் ஸ்டாலின், ஸ்நோபால் அவருடைய போட்டியாளர் டிராட்ஸ்கி என்று பட்டியல் போட்டு நிறுத்தினால் மார்க் ஏறாது. காட்சிக்குப் பக்கத்தில் வருடத்தை வைத்துக்கொள்ளுங்கள். ஸ்நோபால் விரட்டப்படுவது 1929-இல் டிராட்ஸ்கி நாடு கடத்தப்பட்டது. ஏழாம் அத்தியாயத்தில் விலங்குகள் செய்யாத குற்றங்களை ஒப்புக்கொண்டு சாவது 1936 முதல் 1938 வரை ஸ்டாலின் தன் எதிரிகள் மீது நடத்திய மாஸ்கோ விசாரணைகள். பக்கத்துப் பண்ணைக்காரன் ஃபிரெடரிக்கிடம் நெப்போலியன் மரம் விற்று ஏமாறுவது 1939-இல் ஸ்டாலின் ஹிட்லரோடு செய்துகொண்ட ஒப்பந்தமும் 1941-இல் ஹிட்லர் சோவியத் மீது நடத்திய படையெடுப்பும். நாவல் வெளியானது 1945 ஆகஸ்ட். இவ்வளவு போதும்.

ஸ்குவீலரின் சொற்களுக்குத் தனியாக ஒரு பத்தி எழுதுங்கள். ரேஷனைக் குறைத்தது என்று அது ஒருபோதும் சொல்லாது, மாற்றியமைத்தது என்றுதான் சொல்லும். வயிறு காய்ந்து கிடக்கும் விலங்குகளிடம் உற்பத்தி 200, 300, 500 சதவீதம் கூடியிருப்பதாகத் தாளை வைத்துக்கொண்டு வாசிக்கும். பழைய கணக்கு யாருக்கும் ஞாபகமில்லாததால் எதிர்த்துப் பேச வழியில்லை.

ஒன்பதாம் அத்தியாயம் சொல்லத்தான் சிரமப்பட்டேன். பாக்ஸர் என்ற குதிரை, பண்ணையிலேயே அதிகம் உழைத்தது, விழுந்துவிடுகிறது. ஆஸ்பத்திரிக்கு என்று வண்டி வருகிறது. ஆங்கிலத்தில் அந்த வண்டிக்காரனின் தொழிலுக்கு இருக்கும் சொல்லை அகராதியில் தேடியும் எனக்கு மனதில் நிற்கவில்லை. அம்மாவிடம் விளக்க ஆரம்பித்ததும், “அடிமாட்டு வண்டின்னு சொல்லு” என்றார். வண்டியின் பக்கவாட்டில் அது எழுதியே இருக்கிறது. பாக்ஸருக்கு ஏ, பி, சி, டி என்ற நான்கு எழுத்துக்கு மேல் வராது. பெஞ்சமின் என்ற கழுதை வாசித்துச் சொல்லும்போது வண்டி கிளம்பிவிடுகிறது. கொஞ்ச நாளில் பன்றிகள் எங்கிருந்தோ வந்த பணத்தில் ஒரு பெட்டி விஸ்கி வாங்குகின்றன.

அன்றைக்கு அம்மா ஒன்றும் பேசவில்லை. மறுநாள் சொசைட்டியிலிருந்து காலிக் கேனோடு வந்தவர் கேட்டார்: “அந்தக் கழுதைக்கு முதல்லருந்தே வாசிக்கத் தெரியும்ல? செவுத்துல எழுத்து மாறுனப்பவே ஏன் வாசிச்சுச் சொல்லல?”

செமஸ்டர் பேப்பரில் பாலில் ஆரம்பித்து, கடைசிப் பத்தியாக இந்தக் கேள்வியை எழுதினேன்.