இரண்டு குட்டி இத்தாலியர்களும் ஒரு தென்காசிக்காரியும்

காலை மாத்திரையோடு அறைக்குள் போனேன். அந்த ஆச்சி என்னை ஏற இறங்கப் பார்த்தார், அப்புறம் பாட ஆரம்பித்துவிட்டார். இரண்டு குட்டி இத்தாலியர்கள் என்று தொடங்கும் ஏதோ ஜெர்மன் பாட்டு. விரலை என் பக்கம் நீட்டி, தலையை ஆட்டி ஆட்டிப் பாடினார். பக்கத்துக் கட்டில்காரர் விழுந்து விழுந்து சிரித்தார்.

எனக்குச் சுருக்கென்றது. ஜெர்மனியின் ரூர் பகுதியில் இந்த முதியோர் இல்லத்தில் நர்ஸாகச் சேர்ந்து பதினோரு நாள்தான் ஆகியிருந்தது. கறுப்பு முடி இருந்தால் எல்லாரும் இத்தாலியரா இவர்களுக்கு? ராத்திரி போனில் அம்மாவிடம் பொருமினேன். "வயசானவங்க பாடினா பாடிட்டுப் போறாங்க. நீ சாப்பிட்டியா?" என்றாள்.

ஆச்சி என்று எழுதுகிறேனே, அது என் மனசுக்குள் மட்டும்தான். முதல் வாரமே ஒரு பாட்டியை ஆசையாக "ஓமா", அதாவது பாட்டி, என்று கூப்பிட்டுவிட்டு மேற்பார்வையாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஃப்ராவ், அதாவது திருமதி, போட்டுக் குடும்பப் பெயரைச் சொல்ல வேண்டும், அதுதான் மரியாதையாம். எங்கள் ஊரில் எண்பது வயதுக்காரரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் முதுகில் ஒன்று விழும். இங்கே முறை சொல்லிக் கூப்பிட்டால் விழுகிறது.

ரோஷத்தில் அந்தப் பாட்டைத் தேடிப் பிடித்தேன். 1962இல் கோனி ஃப்ரோபஸ் பாடியது. அந்த வருஷம் லக்சம்பர்க்கில் நடந்த யூரோவிஷன் பாட்டுப் போட்டியில் ஜெர்மனிக்காக இதைப் பாடி ஆறாவதாக வந்திருக்கிறார். 1955இல் ஜெர்மனி இத்தாலியோடு ஒப்பந்தம் போட்டுக் கூலி வேலைக்கு ஆள் எடுக்கத் தொடங்கியது இல்லையா, அப்படி வந்த இரண்டு பையன்களைப் பற்றிய பாட்டு. ஊரில் டீனாவும் மரீனாவும் காத்திருக்க, இவர்கள் நேப்பிள்ஸை நினைத்து ஏங்குகிறார்கள். மற்றவர்களுக்குத் தெற்கே போவது ஒரு பகட்டு, இவர்களுக்கோ அங்கேதான் வீடு என்று ஒரு இடம் வருகிறது. அதைக் கேட்டதும் ஆச்சி மேல் இருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. நான் தெற்கிலும் தெற்கு. தென்காசி.

ஞாயிறு மூன்று மணிக்குப் பொதுக்கூடத்தில் காபி, கேக், அப்புறம் படம். ஐம்பது, அறுபதுகளில் வந்த ஷ்லாகர் படங்கள் என்றால் எல்லாரும் தூங்காமல் பார்ப்பார்கள். ஷ்லாகர் என்றால் இங்கே மெல்லிசை ஹிட் பாட்டு. ரேடியோவில் பிரபலமான பாடகர்களையே நாயகன் நாயகியாக்கி, ஆஸ்திரியாவிலோ இத்தாலிப் பக்கமோ ஒரு ஏரிக்கரை ஓட்டலில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். ஆள் மாறாட்டம், முறுக்கிக்கொண்டு நிற்கும் பணக்கார அப்பா, ஒரு கோமாளி, கடைசியில் எல்லாருக்கும் ஜோடி. பி2 என்ற ஜெர்மன் மொழித் தேர்வுக்கு நான் பட்ட பாடெல்லாம் வீண், இதற்கு மொழியே தேவையில்லை. டிடியில் ஞாயிற்றுக்கிழமை மாலைப் படம் பார்த்து வளர்ந்தவளுக்குக் கதை சொல்ல வேண்டுமா? ஸ்ரீதர் 1964இல் ஆழியாறு அணைப் பக்கம் போய் 'காதலிக்க நேரமில்லை' எடுத்தாரே, அதே சமாச்சாரம்தான். பாலையாவும் நாகேஷும் மட்டும் இல்லை. அவர்கள் இல்லாதது பெரிய குறை என்பது வேறு விஷயம்.

ஒன்றுதான் எனக்குப் புதிதாக இருந்தது. நம் ஆட்கள் பாடகரைத் திரைக்குப் பின்னால் நிறுத்தி, குரலை மட்டும் வாங்கிக்கொண்டார்கள். டி.எம்.எஸ். பட்டினத்தாராகவும் அருணகிரிநாதராகவும் வந்தது போல எப்போதாவதுதான் முகம் காட்டினார்கள். இங்கே பாடுகிற ஆளே மரத்தைச் சுற்றுகிறார். கோனி ஏழெட்டு வயதில் நீச்சல் உடையை எடுத்து வைக்கச் சொல்லிப் பாடியே நாட்டுக்குப் பழக்கமானவர். பெரியவளானதும் பாடகர் பீட்டர் க்ராஸோடு படங்களில் ஜோடி சேர்ந்தார். பின்னாளில் மியூனிக்கில் கனமான மேடை நாடகங்களில் நடித்தார் என்பதை எங்கள் கூடத்தில் யாரும் பொருட்படுத்துவதில்லை.

ஆச்சிக்குப் பிடித்த ஆள் பாடகரும் நடிகருமான பீட்டர் அலெக்சாண்டர். ஆஸ்திரியாவில் வொல்ஃப்காங் ஏரிக்கரையில் வெள்ளைக் குதிரை என்றொரு விடுதி இருக்கிறது. அதை வைத்து 1930இல் ஒரு இசை நாடகம் வந்தது. 1960இல் வந்த படத்தில் இவர் தலைமை வெயிட்டர், முதலாளியம்மா மேல் காதல். ஆச்சியின் வீட்டுக்காரர் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். அடுத்த வருஷம் அந்த ஏரிக்குப் போகலாம், அடுத்த வருஷம் போகலாம் என்று சொல்லிச் சொல்லி, படத்துக்குத்தான் நான்கு தடவை கூட்டிப்போனாராம்.

அந்தப் படங்களில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. எந்நேரமும் வெயில்! இவர்களுக்கு லீவு என்றாலே வெயில்தான். ஏப்ரலில் லேசாக வெளிச்சம் வந்தால் போதும், கூட வேலை பார்க்கிறவர்கள் தோட்டத்து பெஞ்சில் வடாம் காயப்போட்ட மாதிரி முகத்தைத் தூக்கிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்துவிடுவார்கள். நான் நிழலில் நிற்பேன். உடம்பு சரியில்லையா என்று கேட்பார்கள்.

எங்களுக்கு லீவு என்றால் சாரல். ஜூன் பிறந்து மலை மேல் மேகம் இறங்கினதும் அப்பா வாசலில் நின்று காற்றை மோந்து பார்ப்பார். "சீசன் வந்துட்டு" என்பார். தலையில் எண்ணெயோடு பஸ் ஏறி ஐந்தருவியில் போய் நின்றால் முதல் அடியில் மூச்சு நின்று போகும். திரும்பும்போது செங்கோட்டை பார்டரில் பரோட்டா. ஈரத்துணியோடு, சால்னா ஆவி பறக்க. ராத்திரிக்கு ரொட்டியும் சீஸும் பழகிவிட்டது, இப்போதெல்லாம் சோறு தேடுவதே இல்லை என்று இந்தப் பத்தியில் எழுத நினைத்திருந்தேன். பரோட்டா வந்துவிட்டது.

போன ஜூனில் மூன்று நாள் லீவில் இரண்டு மலையாளத் தோழிகளோடு அந்த ஏரிக்கே போய்விட்டேன். சால்ஸ்பர்க்கில் பஸ் ஏறி, சாங்க்ட் கில்கனில் படகு பிடித்தோம். படகு நகர்ந்ததும் மழை. கொட்டுகிற மழை இல்லை, நூல் நூலாக இறங்குவது. அந்தப் பக்கத்தில் அதற்குக் கயிற்று மழை என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். எதிரே மலையைக் காணோம். 1893இலிருந்து ஷாஃப்பெர்க் மலைக்கு ஓடும் பல்சக்கர ரயிலில் ஏறினோம். உச்சியில் தெரிந்ததெல்லாம் எங்கள் மூன்று பேர் முகம்தான். பயணிகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஓட்டல் தாழ்வாரங்களில் உட்கார்ந்திருந்தார்கள். நான் மட்டும் குடையை மடக்கிவிட்டு வெள்ளைக் குதிரை வாசலில் நின்றேன். கழுத்துக்குள் தண்ணீர் இறங்கியது. எண்ணெய் தேய்க்காமல் வந்துவிட்டோமே என்று இருந்தது.

திரும்பி வந்ததும் ஆச்சி கேட்டார்: "வெயில் அடித்ததா?"

"மூன்று நாளும் மழை."

"அடப் பாவமே" என்று என் கையைத் தட்டிக் கொடுத்தார்.

இல்லை, நல்ல மழை என்றேன். சாரலுக்கு ஜெர்மனில் வார்த்தை கிடைக்காமல் சின்ன மழை, மலை மழை, குளிக்கிற மழை என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். ஆச்சி பக்கத்துக் கட்டிலைப் பார்த்துக் கண்ணடித்தார்.

அப்புறம் கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்: "உன் ரயில் எப்போது?"

"எந்த ரயில்?"

"நேப்பிள்ஸுக்கு."

செப்டம்பர் கடைசியில் என்றேன். லீவு அப்போதுதான் கிடைத்திருந்தது. அதற்குள் சீசன் முடிந்துவிடும். அருவியில் தண்ணீர் விழுமா என்று அம்மாவிடம்தான் கேட்க வேண்டும்.