பழைய லேப்டாப் திரையின் நிறத்தைச் சரிசெய்து பார்த்தேன்

என் லேப்டாப்புக்குப் பத்து வயது ஆகிறது. நான் திருத்தி அனுப்பும் படங்களைப் பார்ப்பவர்கள் எல்லாரும் "முகம் ஏன் இப்படி மஞ்சளாக இருக்கிறது?" என்றே கேட்டார்கள். என் திரையில் நன்றாகத்தான் தெரிந்தது. ஒரு நாள் பகல் வெளிச்சத்தில் திரைக்குப் பக்கத்தில் வெள்ளைத் தாளை வைத்துப் பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. திரையின் வெள்ளையில் நீலம் ஓடுகிறது. அதை ஈடுகட்ட, என்னை அறியாமலே ஒவ்வொரு படத்திலும் மஞ்சளை ஏற்றி வந்திருக்கிறேன்.

முதல் வேலையாக, நிறத்தில் கைவைக்கும் வசதிகளை எல்லாம் அணைத்தேன். இரவு ஒளி, தானியங்கிப் பிரகாசம், அப்புறம் கிராஃபிக்ஸ் அமைப்புக்குள் ஒளிந்திருந்த ஒரு மின்சேமிப்பு வசதி. பேட்டரியில் ஓடும்போது அது பின்விளக்கைக் குறைத்துவிட்டு, படத்தைத் தானாக வெளிறச் செய்யும். இதை அணைக்காமல் எதை அளந்தாலும் வீண்.

அடுத்தது கோணம். இது டிஎன் பேனல், அதாவது பார்க்கும் கோணம் மாறினால் நிறமும் மாறித் தெரியும் வகைத் திரை. திரை முழுக்க ஒரே சாம்பல் நிறத்தை நிரப்பினேன். மேல் ஓரம் இருண்டு, கீழ் ஓரம் வெளிறித் தெரிந்தது. தலையை நாலு விரல் அளவு இறக்கினால் அதுவும் மாறிவிடுகிறது. அதனால் ஓர் அட்டையை முக்கோணமாக வெட்டி, கீபோர்டுக்கும் திரைக்கும் நடுவே வைத்துக் கோணம் பார்க்கிறேன். படம் திருத்த உட்காரும்போதெல்லாம் திரை அதே சாய்வில் நிற்கும். செலவே இல்லாத இந்த ஒரு வேலை தந்த பலனை நான் எதிர்பார்க்கவே இல்லை.

விண்டோஸில் உள்ள நிறச் சீரமைப்புக் கருவியைக் கண்ணை நம்பி இரண்டு முறை ஓட்டினேன். இரண்டு முறையும் வேறு வேறு முடிவு. சரி, இனி அளந்துதான் பார்க்க வேண்டும் என்று நண்பரிடம், திரையின் நிறத்தை அளக்கும் கருவியான கலரிமீட்டரைக் கடன் வாங்கினேன். மென்பொருள் டிஸ்ப்ளேகால். அரை மணி நேரம் திரையைச் சூடாக விட்டு, வெள்ளை 6500 கெல்வின் (இந்த எண் கூடினால் நீலம் கூடும்), காமா 2.2 (இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் இடைப்பட்ட நிழல்கள் எவ்வளவு பிரகாசமாகத் தெரியும் என்பதன் அளவு), பிரகாசம் 120 நிட்ஸ் என்று இலக்கு வைத்தேன். அளந்ததில் வெள்ளை ஏறக்குறைய 7400 கெல்வின். இணையப் படங்களுக்குப் பொது அளவான எஸ்ஆர்ஜிபி நிறப் பரப்பில் இந்தத் திரை காட்டுவது 62 சதவீதம்தான்.

அளவீட்டிலிருந்து உருவான நிறத் திருத்தக் கோப்பு, அதாவது புரொஃபைல், ஏறியதும் திரையே பழுப்பேறியது போல இருந்தது. பத்து நிமிடத்தில் கண் பழகிவிட்டது. வெள்ளைத் தாளை மறுபடி பக்கத்தில் வைத்தேன், இரண்டும் ஒத்துப்போயின.

ஆனால் வானம் கெட்டுப்போனது. மாலை வானப் படம் ஒன்றில், நீலம் மெல்ல வெளிறும் இடத்தில் படிப்படியாகப் பட்டைகள். காரணம், என் பேனல் 6 பிட். ஒரு நிறத்துக்கு 64 படிகள், மொத்தம் 2,62,144 நிறங்கள். மீதியைப் புள்ளிகளை வேகமாக மாற்றிக்காட்டி ஒப்பேற்றுகிறது. ஏற்கெனவே குறைவான படிகளை வளைத்து நெளித்தால், இருப்பதிலும் சில தொலைந்துபோகின்றன. அதனால் இரண்டாவது சுற்றில் காமாவைத் தொடாமல், இருக்கிறபடியே விட்டு வெள்ளையை மட்டும் திருத்தினேன். மீதியை, புரொஃபைலைப் படிக்கத் தெரிந்த மென்பொருள்கள் பார்த்துக்கொள்ளும். பட்டைகள் பெருமளவு மறைந்தன. பழைய பேனல் வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வது இந்த வழியைத்தான்.

ஃபயர்ஃபாக்ஸின் மேம்பட்ட அமைப்புகளில் நிற மேலாண்மை மதிப்பு 2 ஆக இருக்கும். 1 ஆக்கினேன். நிறக் குறிப்பு இல்லாத படங்களும் இப்போது புரொஃபைல் வழியாக வருகின்றன. தூங்கி எழுந்த லேப்டாப் சில நேரம் திருத்தத்தை மறந்து நீலத்துக்குத் திரும்பியது. டிஸ்ப்ளேகாலுடன் வரும், திருத்தத்தை மறுபடி ஏற்றும் லோடர் பின்னணியில் ஓடத் தொடங்கியதும் அந்தத் தொல்லை நின்றது.

தோல் நிறம் இப்போது நம்பும்படி இருக்கிறது. அடர் சிவப்புதான் இன்னும் செங்கல் நிறமாகத் தெரிகிறது. பேனலால் காட்ட முடியாத நிறத்தை எந்தப் புரொஃபைலும் கொண்டுவராது. அதற்கு நிறப் பரப்பு அதிகமுள்ள ஐபிஎஸ் பேனல் (கோணம் மாறினாலும் நிறம் அதிகம் மாறாத வகை) மாற்ற வேண்டும். என்னுடையது 30 முள் இடிபி இணைப்பு (லேப்டாப்பிலிருந்து திரைக்குப் படத்தைக் கொண்டுபோகும் இணைப்பு வகை), அந்த வகையில் ஐபிஎஸ் கிடைக்கிறது. ஆனால் முழு எச்டி பேனலுக்குப் பொதுவாக இரண்டு டேட்டா தடங்கள் வேண்டும். என் 1366×768 பேனலுக்கு ஒன்றே போதும் என்பதால், கேபிளில் இரண்டாவது தடத்துக்கு வயரே போடாமல் விட்டிருக்கலாம். இந்த வாரக் கடைசியில் திரைச் சட்டத்தைக் கழற்றி அந்த வயர்களை எண்ணப்போகிறேன்.