பாதை எந்தத் தெரு வழியாக?

பாகூர் ஏரியைச் சுற்றியுள்ள கிராமங்களை இணைத்து, நடக்கவும் சைக்கிளில் போகவும் ஒரு பாதை போட முடியுமா என்று பார்க்கும் வேலை எங்கள் குழுவுக்கு வந்தது. புதுச்சேரிப் பகுதியில் ஊசுட்டேரிக்கு அடுத்த பெரிய ஏரி இது. சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து தென்பெண்ணைத் தண்ணீர் பங்காரு வாய்க்கால் வழியாக இங்கே வருகிறது. வாய்க்கால் கரை, ஏரிக்கரை, வயல் வரப்பு என்று ஊருக்கு ஊர் ஏற்கெனவே வழி உண்டு. ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் சேறு. மற்ற மாதங்களில் சீமைக்கருவேல முள். அதனால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கடலூர் ரோட்டில் பஸ்ஸுக்கும் லாரிக்கும் ஒதுங்கி ஒதுங்கிப் போகிறார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டு அரசு பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு சைக்கிள் கொடுக்கிறது. அதை ஓட்டத்தான் நல்ல வழி இல்லை.

கரையில் பாதை என்றதும் பலருக்கும் சிமென்ட் கல் பதித்த பூங்கா நடைபாதைதான் மனசில் வருகிறது. அது இங்கே நிற்காது. தூர் வார பொக்லைன் வந்தால் கரை மேல்தான் ஏறி வரும். கிராவல் கொட்டி ரோலர் போட்டு, இரண்டு பக்கமும் தண்ணீர் வடிய லேசாகச் சரிவு கொடுத்தால் போதும். பெயர்ந்தாலும் ஊர் ஆட்களே சரிசெய்யலாம். கரையைப் பிடித்து நிற்கும் பனைகளில் ஒன்றைக்கூடத் தொடக்கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். அகலத்திலும் அப்படித்தான். நடைபாதைக்குக் குறைந்தது 1.8 மீட்டர் என்கிறது, சாலைகளுக்கான தரங்களை வகுக்கும் இந்தியச் சாலைகள் காங்கிரஸ் என்ற அமைப்பின் வழிகாட்டி நூல். தலையில் புல்லுக்கட்டோடு வருகிறவரும் எதிரே சைக்கிளும் வந்தால் அது பற்றாது.

பெரிய விவாதம் வந்தது வேறு இடத்தில். ஒரு ஊரில் கூட்டம் போட்டபோது, பாதை குளத்தைத் தாண்டியதும் ஏரிக்கரைக்குத் திரும்பிவிட வேண்டும் என்றார்கள். காற்றோட்டமாக இருக்கும், தூரமும் குறையும் என்று காரணம் சொன்னார்கள். வரைபடத்தில் பார்த்தால் அது உண்மைதான். ஆனால் அப்படித் திருப்பினால் காலனியைத் தொடாமலே பாதை அடுத்த ஊருக்குப் போய்விடும். அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

மறுநாள் காலனிக்குப் போனேன். "எங்க தெரு வந்ததும் மண்ணு ரோடு ஆரம்பிச்சுடும்மா. மழைன்னா ஆம்புலன்ஸ்கூட உள்ள வராது" என்றார் ஒரு பாட்டி. பக்கத்தில் நின்ற அவருடைய மருமகள், "வழி நல்லா இருந்தா நான் சைக்கிள்லயே வேலைக்குப் போயிருவேங்கா" என்றார். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் கிராமத்துப் பெண்களுக்கு சைக்கிள் கற்றுக்கொடுத்தது எனக்கு நினைவுக்கு வந்தது. இங்கே இந்தப் பெண்ணுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டியதே இல்லை.

அப்புறம், இந்த வழியில் யார் யார் போகிறார்கள் என்று எடுக்கும் கணக்கெடுப்பின் நேரத்தை மாற்றினோம். ஆபீஸ் நேரமான காலை பத்து மணிக்குப் போய் நின்றால் கரையில் ஆடுமாடு தவிர யாரும் இருக்கமாட்டார்கள். விடிவதற்கு முன்னால் போனால்தான் தெரியும்: பால் கேனோடு சொசைட்டிக்குப் போகிறவர்கள், தூக்குவாளியோடு நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிற பெண்கள். அவர்களில் பெரும்பாலோர் காலனியிலிருந்து கிளம்பி அடுத்த ஊர் வயலுக்கு நடக்கிறவர்கள். தினமும் நடக்கிறவரை விட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காற்று வாங்க வருகிறவருக்கு ஏன் பாதை போட வேண்டும்?

இந்தக் கணக்கை அடுத்த கூட்டத்தில் மணிவாரியாகப் படித்தோம். கொஞ்ச நேரம் சத்தம் இருந்தது. சிலர் எழுந்தும் போனார்கள். கடைசியில் பால் சொசைட்டிக்காரர் ஒருவர்தான், "அவங்க வராட்டி காலையில எனக்குப் பாலே இல்ல, தெரு வழியாவே போகட்டும்" என்றார். இப்போது வரைபடத்தில் பாதை காலனியின் இரண்டு தெருக்களிலும் நுழைந்து, பள்ளிக்கூடத்து வாசலைத் தொட்டு, அதன் பிறகுதான் கரை ஏறுகிறது. மண் ரோட்டை உயர்த்தி வடிகால் போடும் செலவும் அதே மதிப்பீட்டில் சேர்ந்திருக்கிறது. ஏரி நிரம்பினால் உபரித் தண்ணீர் வெளியேறும் கலிங்கைத் தாண்டும் இடத்தில் தரைப்பாலம் போதுமா, உயரமான சிறுபாலம் வேண்டுமா என்பதை வரும் மழையில் தண்ணீர் மட்டத்தைப் பார்த்து முடிவு செய்வோம்.