நட்ட முடியும் விட்ட சிகரெட்டும்

வெள்ளவத்தையில் உள்ள எங்கள் வீட்டில், சாய்மனைக் கதிரையிலேயே ஏழு இரவுகள் உறங்கினேன். பின்தலையிலிருந்து ஒவ்வொரு முடிவேராக எடுத்து முன்தலையில் நடும் எஃப்.யூ.இ. சத்திரசிகிச்சை ஒரே பகலில் முடிந்துவிட்டது; கடினமானது அதன் பிறகு வந்த நாட்கள்தான். தலையை 45 பாகையளவு உயர்த்தி வைக்காவிட்டால் வீக்கம் நெற்றியிலிருந்து கண்ணுக்கு இறங்கும் என்று வைத்தியர் சொல்லியிருந்தும், மூன்றாம் இரவு அலுப்பில் கட்டிலில் மல்லாந்து படுத்துவிட்டேன். விடிந்தபோது இடது கண் பாதிதான் திறந்தது.

எனக்குப் பெரும் சோதனையாக இருந்தது சிகரெட். நட்ட வேர்களுக்கு முதல் சில நாட்கள் சொந்த இரத்த ஓட்டம் கிடையாது. சுற்றியுள்ள தோலிலிருந்து கசியும் ஒட்சிசனில்தான் அவை உயிர் பிழைக்கின்றன. நிக்கொட்டின் நுண்ணிய இரத்தக் குழாய்களைச் சுருக்க, புகையிலுள்ள காபனோரொட்சைட்டு இரத்தம் சுமக்கும் ஒட்சிசனையும் குறைத்துவிடுகிறது. சத்திரசிகிச்சைக்கு முன்னும் பின்னும் இரண்டிரண்டு வாரம் தொடக்கூடாது என்பது எனக்கிடப்பட்ட கட்டளை. பிளேன்டீ குடிக்கும் ஒவ்வொரு முறையும் விரல்கள் சட்டைப்பையைத் தேடின. கடைசியில் தேநீரையே நிறுத்தி இஞ்சித் தண்ணீருக்கு மாறினேன். மது இரத்தக் கசிவைக் கூட்டும் என்பதால் நண்பனின் திருமண விருந்துக்கும் போகவில்லை. அவன் இன்னும் கோபமாகத்தான் இருக்கிறான்.

கொழும்பின் புழுக்கத்தில் வியர்க்காமல் இருப்பதும் இலேசானதல்ல. கடற்கரை நடையையும் உடற்பயிற்சி நிலையத்தையும் நிறுத்தினேன். தலைக்கவசம் வேர்களை உரசும் என்பதால் மோட்டார் சைக்கிளையும் விட்டேன். காலி வீதியில் 100ஆம் இலக்கப் பஸ்ஸின் நெரிசலில் யாருடைய முழங்கை தலையில் படுமோ என்று அஞ்சி, பத்து நாட்கள் ஓட்டோவுக்கே காசு கொடுத்தேன். இதற்குள், சனிக்கிழமை வந்ததும் அம்மா வழக்கம்போல நல்லெண்ணெய்க் கிண்ணத்துடன் வந்து நின்றார். முழுக்கு இப்போதைக்கு இல்லை என்று அவருக்குப் புரியவைக்க வைத்தியரைத் தொலைபேசியில் அழைக்க வேண்டியிருந்தது.

பத்தாம் நாளளவில் பொருக்குகள் உதிர்ந்தன. மூன்றாம் வாரத்தில் நட்ட முடியே உதிரத் தொடங்கியது. வேர் உள்ளே இருக்க, மேல்மயிர் மட்டும் விழுவது இயல்பு என்று எனக்குத் தெரிந்திருந்தது. தலையணையுறையை உதறிய அம்மாவுக்குத் தெரியாது.

“தம்பி, கொட்டின காசெல்லாம் கொட்டுப்பட்டுப் போச்சே!”

நான்காம் மாதம், குளியலறைக் கண்ணாடியில் முன்நெற்றியோரம் பூனைமயிர் போல ஏதோ தெரிந்தது. முதலில் அம்மாவைத்தான் கூப்பிட்டேன்.