அணைந்திருந்த ஐஓஎம்எம்யுவும் வீணான கோவைப் பயணமும்

கோத்தகிரியில் வீட்டிலிருந்தே லினக்ஸ் கெர்னல் டிரைவர் எழுதும் எனக்கு, ஓர் ஏஆர்எம் போர்டின் ஐஓஎம்எம்யு டிரைவரில் ரன்டைம் பவர் மேனேஜ்மென்ட் சேர்க்கும் வேலை மூன்று வாரங்களைத் தின்றுவிட்டது. ஐஓஎம்எம்யு என்பது, சாதனங்கள் நினைவகத்தை அணுகும் முகவரிகளை மொழிபெயர்க்கும் வன்பொருள்; ரன்டைம் பவர் மேனேஜ்மென்ட் என்பது, வேலையில்லாத சாதனத்தைத் தூங்கவைத்துத் தேவைப்படும்போது எழுப்புவது. இதே வேலையில் இறங்குகிறவர்களுக்காக, நான் தடுக்கி விழுந்த இடங்களை மட்டும் எழுதுகிறேன்.

4.10 பதிப்பிலிருந்து கெர்னலில் உள்ள, ஒரு சாதனம் இன்னொன்றைச் சார்ந்திருப்பதைப் பதியும் டிவைஸ் லிங்கைப் பயன்படுத்தி, வீடியோ டிகோடர் விழிக்கும் முன்பே ஐஓஎம்எம்யு விழிக்கும்படி செய்தது அரை நாளில் முடிந்தது. சிக்கல் வீடியோ நின்ற பிறகுதான் வந்தது: பஃபர்களை விடுவிக்கும்போது, ஒரு வரி லாக் கூட இல்லாமல் போர்டு உறைந்துபோனது. மலையில் மின்சாரம் ஏறி இறங்கிப் போர்டு பழுதாகியிருக்கும் என்று, வாங்கிய கடையில் ஒரு கேள்வியும் கேட்காமல் போனிலேயே சொல்லிவிட்டார்கள். அதை நம்பி, மூடுபனியில் மேட்டுப்பாளையம் இறங்கிக் கோவை வரை சென்று, மீண்டும் பணம் கொடுத்துப் புதிய போர்டு வாங்கி வந்தேன். அன்றிரவே அதுவும் அதே இடத்தில் உறைந்தது. கெர்னல் அமைப்புகளைக் கோப்புகளாகக் காட்டும் சிஸ்எஃப்எஸ்ஸில், ஐஓஎம்எம்யுவின் பவர் கன்ட்ரோல் கோப்பில் ‘ஆன்’ என்று எழுதிப் பார்த்திருந்தால், அது தூங்காமலும் போர்டு உறையாமலும் இருந்திருக்கும், குற்றம் யாருடையது என்பதும் ஐந்தே நிமிடத்தில் தெரிந்திருக்கும். போர்டைச் சந்தேகிக்கும் முன் தயவுசெய்து இதைச் செய்யுங்கள்.

பஃபரின் முகவரி மேப்பிங்கை நீக்கும்போது, டிஎல்பியில் (மொழிபெயர்த்த முகவரிகளை ஐஓஎம்எம்யு நினைவில் வைக்கும் இடம்) தங்கியுள்ள பழைய முகவரிகளை அழிக்க டிரைவர் ஐஓஎம்எம்யுவின் ரெஜிஸ்டரில் எழுதுகிறது. மின்சாரம் நிறுத்தப்பட்ட ரெஜிஸ்டரில் எழுதினால், இந்தச் சிப்பில் பஸ் பதிலுக்குக் காத்து அப்படியே நின்றுவிடுகிறது. எழுதும் முன் ‘கெட் சிங்க்’ கொண்டு எழுப்பிப் பார்த்தேன்; ஸ்பின்லாக் (பிடித்திருக்கும்போது தூங்கக்கூடாத பூட்டு) பிடித்திருக்கும்போதும் மேப்பிங்கை நீக்கும் அழைப்பு வருவதால், தூங்கக்கூடாத இடத்தில் தூங்கியதாகக் கெர்னல் எச்சரித்தது. இன்டரப்ட் நிறுத்தப்பட்ட நிலையிலும் எழுப்பலாம் என்று பொருள்படும் ‘ஐஆர்க்யூ சேஃப்’ என்று குறித்ததும் எச்சரிக்கை போயிற்று; ஆனால் ஐஓஎம்எம்யுவுக்கு மேல்நிலையில் உள்ள பெற்றோர் டிவைஸ் ஓயாமல் விழித்திருந்ததால், வேலையின் நோக்கமே கெட்டது.

எழுப்பவே வேண்டியதில்லை என்பது பிறகுதான் உறைத்தது. மின்சாரம் போனால் டிஎல்பியில் இருந்ததும் போய்விடும்; விழிக்கும்போது, முகவரி மொழிபெயர்ப்புகள் உள்ள பக்க அட்டவணையின் முகவரியைத் திரும்ப எழுதி, டிஎல்பி முழுவதையும் அழித்தால் போதும். ஆகவே, சாதனம் விழித்துப் பயன்பாட்டில் இருந்தால் மட்டும் பிடித்துக்கொள்ளும் ‘கெட் இஃப் இன் யூஸ்’ பூஜ்யம் தந்தால் அழிப்பைத் தவிர்த்தேன். அதுதான் மிக மோசமான குழி. சற்றுத் தாமதித்தே தூங்கவைக்கும் ஆட்டோசஸ்பெண்ட் இருந்ததால், பயன்பாட்டு எண்ணிக்கை பூஜ்யமான பிறகும் ஐஓஎம்எம்யு சிறிது நேரம் விழித்திருந்தது. பழைய முகவரிகளும் அழியாமல் கிடந்தன. அந்த இடைவெளியில் வீடியோவை மறுபடி தொடங்கியபோது, வேறொரு புராசஸுக்குக் கொடுக்கப்பட்டுவிட்ட பக்கத்தில் டிகோடர் எழுதியது. உறைந்த போர்டு கண்ணுக்குத் தெரிகிறது, இது தெரிவதில்லை.

எண்ணிக்கையைப் பாராமல், விழித்திருக்கிறதா என்று மட்டும் பார்க்க 5.7 பதிப்பில் வந்த ‘கெட் இஃப் ஆக்டிவ்’ இருக்கிறது. ரன்டைம் பிஎம் முடக்கப்பட்டிருந்தால் அது எதிர்மறை எண் தரும். அதைத் தூக்கம் என்று கொண்டு அழிப்பைத் தவிர்த்துவிடாதீர்கள்.

இந்த மாற்றத்துடன் நேற்று இரவு முழுவதும் வீடியோவைத் தொடங்கி நிறுத்திக்கொண்டே இருந்தேன். நிறுத்திய ஒவ்வொரு முறையும் நிலை ‘சஸ்பெண்டட்’ என்று மாறியது, ஒருமுறைகூட உறையவில்லை. பழுதென்று தீர்ப்பான அந்தப் பழைய போர்டில்தான் இந்தச் சோதனையைச் செய்தேன்.